பழைய மர மோட்டார் யாட்டை வரைஞ்சது யாரு? பீம்ல இருக்கிற நம்பர்லேர்ந்து டிசைனர் வரைக்கும் தேடிப் போற முழு வழிகாட்டி

இங்கிலாந்துல சஃபோக் பக்கம் ஒரு கழிமுகத்துல என் நண்பர் 48 அடி நீள மர மோட்டார் யாட் ஒண்ணு வாங்கினாரு. வித்தவர் சொன்ன சரித்திரம் மொத்தமே ஒரு வரிதான், "1930கள்ல கட்டினது, ஸ்காட்லாந்து டிசைன்". பேப்பர்னு கேட்டா ரெண்டு பழைய இன்சூரன்ஸ் கடிதம், ஒரு மங்கிப்போன போட்டோ, அவ்வளவுதான். அந்த ஒரு வரி நெசமா இல்லையான்னு கண்டுபிடிக்க ரெண்டு குளிர்காலம் நானும் அவரு கூடவே அலைஞ்சேன். அந்த அலைச்சல்ல கத்துக்கிட்டதை எல்லாம் வரிசையா எழுதுறேன். பெரும்பாலும் பிரிட்டன்ல கட்டின படகுகளுக்குத்தான் இது பொருந்தும், அமெரிக்கப் படகுன்னா என்ன செய்யணும்னு நடுவுல தனியா சொல்றேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. கட்டினவர் வேற, வரைஞ்சவர் வேற. நம்ம ஊர்ல வீடு கட்டும்போது மேஸ்திரி ஒருத்தர் பிளான் போட்டவர் ஒருத்தர்னு இருக்கிற மாதிரிதான் இதுவும், ஆனா படகு விக்கிற விளம்பரத்துல பாதிப் பேர் படகு கட்டின பட்டறையான யார்டு பேரை எழுதிட்டு அதையே டிசைன்னு சொல்லிடுவாங்க, அடுத்து வாங்குறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வாரு, மூணு கை மாறினா அது சரித்திரமாவே ஆயிடும். உண்மையில மூணு விதமா இருக்கலாம். ஒண்ணு, ஓனர் படகு வரையறதையே தொழிலா வச்சிருக்கிற ஒரு நேவல் ஆர்க்கிடெக்ட் கிட்ட வரைபடம் வாங்கி வேற ஏதோ ஊர்ல இருக்கிற யார்டுல கொடுத்துக் கட்டினது. ரெண்டு, யார்டுக்குள்ளயே இருந்த டிசைனர் வரைஞ்சது. ஸ்காட்லாந்துல கிளைடு கழிமுகத்துல ரோஸ்நீத்ங்கிற ஊர்ல ஜேம்ஸ் ஏ. சில்வர் யார்டு இருந்துச்சு, அங்க கட்டின மோட்டார் யாட்டுகளை வரைஞ்சது ஜான் பெய்ன், யார்டை நடத்தினதும் அவருதான். அந்த மாதிரி இடத்துல யார்டு பேரும் டிசைனர் பேரும் ஒண்ணாவே ஒட்டிக்கிச்சு.

மூணாவதுதான் ரொம்பப் பேரு யோசிக்காதது, அது பிறக்கும்போது யாட்டாவே இருந்திருக்காது. டைட்டானிக்ல உயிர் பிழைச்ச அதிகாரி சார்லஸ் லைட்டோலர் வச்சிருந்த 'சன்டவுனர்' 1912ல கடற்படையோட ஸ்டீம் பின்னஸா, அதாவது சின்ன நீராவி வேலைப் படகா கட்டினது, ரொம்ப வருஷம் கழிச்சு அவரு வாங்கி மோட்டார் யாட்டா மாத்தினாரு, 1940ல அதே படகுலதான் ஜெர்மன் படை சுத்தி வளைச்ச பிரான்ஸ் கடற்கரை டன்கர்க் போயி சுமார் 130 சிப்பாய்களை ஏத்திக்கிட்டு வந்தாரு. அந்தப் படகுக்கு 'யாட் டிசைனர் யாரு'ன்னு தேடினா காலம் பூரா தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான், ஏன்னா கேள்வியே தப்பு. அதனால இந்த மூணுல உங்க படகு எதுன்னு தெரியிற வரைக்கும் எந்தப் பேரையும் வாயில எடுக்காதீங்க.

முதல் வேலை: மெயின் பீம்

படகோட பேரை நம்பாதீங்க, பேரு மாறும். வேக சாதனைக்குப் பேர்போன சர் மால்கம் கேம்பல் தன்னோட கார், ரேஸ் போட், யாட் எல்லாத்துக்குமே புளூ பேர்டுன்னுதான் பேரு வச்சாரு, பேரை மட்டும் வச்சுத் தேடினா எந்த புளூ பேர்டுன்னு தெரியாம தலை சுத்தும். மாறாதது அஃபிஷியல் நம்பர். பிரிட்டிஷ் கப்பல் ரிஜிஸ்டர்ல முறையாப் பதிஞ்ச ஒவ்வொரு கலத்துக்கும் 1855லேர்ந்து ஒரு நம்பர் கொடுத்தாங்க, ஓனர் மாறினாலும் பேரு மாறினாலும் துறைமுகம் மாறினாலும் அந்த நம்பர் சாகுற வரைக்கும் அதேதான். அதையும் நெட் டன்னேஜையும் (சரக்குக்கும் ஆளுக்கும் பயன்படுற உள் கொள்ளளவு) மெயின் பீம்ல, அதாவது டெக்கைத் தாங்குற முக்கியமான குறுக்கு உத்திரத்துல, நிரந்தரமா வெட்டி வைக்கணும்னு சட்டம்.

எங்க படகுல அந்த பீம் ஸ்டியரிங் சக்கரம் இருக்கிற வீல்ஹவுஸுக்குக் கொஞ்சம் முன்னாடி, கேபின் கூரையில, அஞ்சாறு கோட்டு வெள்ளை பெயிண்டுக்கு அடியில இருந்துச்சு. மொதல்ல எங்களுக்கு எதுவுமே தெரியல. டார்ச்சை நேரா அடிச்சா வெறும் வெள்ளைதான். அப்புறம் கேபின் லைட்டை அணைச்சிட்டு டார்ச்சை பீமோட ஒட்டினாப்ல பக்கவாட்டுல சாச்சுப் புடிச்சோம், லேசா பள்ளம் பள்ளமா நிழல் விழுந்துச்சு, ஒரு 6 மாதிரி, ஒரு 4 மாதிரி. உடனே ஸ்க்ரேப்பர் எடுக்காதீங்க! சுரண்டினா வெட்டோட ஓரம் போயிடும், அப்புறம் 3ஆ 8ஆன்னு கடைசி வரைக்கும் தெரியாது. மெல்லிசு பேப்பரை மேல ஒட்டி, மிருதுவான பென்சிலைப் படுக்க வச்சுத் தேச்சு எடுத்தோம், சின்ன வயசுல நாணயத்தை நோட்டுல தேச்சு எடுப்போமே அதே மாதிரிதான். ஆறு இலக்கம் வந்துச்சு, பக்கத்துல டன்னேஜும் வந்துச்சு. அந்தப் பேப்பரைப் புடிச்சிக்கிட்டு என் நண்பர் அப்படியே பங்க்ல, அதாவது கேபின் படுக்கையில, உக்காந்துட்டாரு, அவ்வளவு நாளா பேரு ஊரு தெரியாம இருந்த ஒருத்தர் வாயைத் தொறந்து பேசின மாதிரி இருந்துச்சு எங்களுக்கு.

நம்பர் கிடைக்கலேன்னா மனசு விட்டுடாதீங்க. டெக் மாத்தும்போது பீமையே தூக்கிப் போட்டிருக்கலாம், இல்லேன்னா பதியாமலே ஓடின படகா இருக்கலாம், சின்ன யாட்டுகள்ல அது நிறையவே நடந்திருக்கு. இன்னொண்ணு, எஸ்.எஸ்.ஆர்.னு ஆரம்பிக்கிற நம்பர் வெளியில ஒட்டியிருந்தா அது 1983ல வந்த சின்னப் படகு ரிஜிஸ்டர் நம்பர், அதுல பழைய சரித்திரம் எதுவும் கிடைக்காது.

ரெண்டாவது: யாரும் பாக்காத இடங்கள்ல பாருங்க

பித்தளை பில்டர் தகடு இருந்தா சந்தோஷம், ஆனா திருகி எடுத்து வேற படகுல மாட்டிடக்கூடிய பொருள் அது, மணியும் ஸ்டியரிங் சக்கரமும் அப்படித்தான். நான் அதிகமா நம்புறது பென்சில் எழுத்தை. ஒரு யார்டுல ஒரே நேரத்துல மூணு நாலு படகு நிக்கும், எந்த டிராயர் எந்தப் படகுக்குன்னு குழம்பக் கூடாதுன்னு ஆசாரிங்க மரச்சாமானோட பின்பக்கம் யார்டு நம்பரை எழுதி வைப்பாங்க. அதனால எல்லா டிராயரையும் வெளிய இழுத்து பின்பலகையைப் பாருங்க, பங்க் அடிப்பலகை, லாக்கர் கதவோட உள்பக்கம், பேனல் எடுக்க வந்துச்சுன்னா அதோட முதுகு, தரைப்பலகையோட அடிப்பக்கம் எதையும் விடாதீங்க. எங்களுக்கு சமையல் மேடைக்குக் கீழ இருந்த ஒரு டிராயர்ல மூணு இலக்க நம்பர் ஒண்ணு கிடைச்சுது, அப்போ அது என்னன்னு தெரியல, போட்டோ எடுத்து வச்சிட்டோம். எழுத்து கிடைச்ச இடத்தையும் சேர்த்துப் போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க.

எஞ்சின் தகட்டையும் குறிச்சுக்கோங்க, ஆனா அது எஞ்சினோட பிறப்புச் சான்றிதழ்தான், படகோடது இல்ல. பெட்ரோல், பாரஃபின் எஞ்சினோட வந்த எத்தனையோ படகுக்கு பின்னாடி டீசல் மாத்தியிருக்காங்க. எஞ்சின் உக்கார்ற நீளக்கட்டையைத் துடைச்சிட்டுப் பாருங்க, அடைச்சு வச்ச பழைய போல்ட் ஓட்டைங்க இப்போ இருக்கிற எஞ்சினோட ஒத்துப்போகாம நின்னா பழசு வேறன்னு அர்த்தம், அந்த ஓட்டைங்களோட இடைவெளியை அளந்து வச்சிக்கிட்டா பின்னாடி ரிஜிஸ்டர்ல பாக்கிற எஞ்சின் விவரத்தோட ஒப்பிடலாம். எங்க படகுல இருந்தது கெல்வின், கிளாஸ்கோவுல பெர்கியஸ் கம்பெனி பண்ணினது, தகட்டுலயே கிளாஸ்கோன்னு இருந்துச்சு.

மூணாவது: மரத்தைப் படிக்கிறது

இதுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கணும், அவசரப்பட்டா எல்லாம் தப்பாப் போயிடும். ஒரு மர ஆசாரி கூட இருந்தா ரொம்ப நல்லது.

பலகை எப்படிப் போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. பலகைக்குப் பலகை ஓரம் ஓரமா சேர்ந்து வழவழன்னு இருந்தா கார்வெல். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஓடு அடுக்கின மாதிரி இருந்தா கிளிங்கர். உள்ள ஒரு அடுக்கு சாய்வா ஒரு பக்கம், வெளிய ஒரு அடுக்கு எதிர்ச்சாய்வா, நடுவுல எண்ணெயோ பெயிண்டோ தோய்ச்ச துணி வச்சிருந்தா அது டபுள் டயகனல். டபுள் டயகனல் கண்ணுல பட்டா உடனே உஷாராயிடுங்க, ஏன்னா கடற்படை பின்னஸ், கடல்ல சிக்கினவங்களைக் காப்பாத்துற ஆர்.என்.எல்.ஐ. அமைப்போட லைஃப்போட், போர்க்கால லாஞ்ச் எல்லாம் அந்த முறையில நிறையக் கட்டினது. நீளமும் கூடவே காட்டிக்கொடுக்கும். 112 அடி கிட்ட வந்தா ஃபேர்மைல் பி வகை போர்க்கால லாஞ்சான்னு பாருங்க, 72 அடியில வட்டமான அடிவயிறோட இருந்தா கடற்படைத் தலைமையான அட்மிரால்டியில டபிள்யூ. ஜே. ஹோல்ட் வரைஞ்ச துறைமுகக் காவல் லாஞ்சான்னு பாருங்க, போர் முடிஞ்சதும் இதெல்லாம் விலைக்குப் போயி யாட்டாவும் மிதக்கிற வீடாவும் மாறிச்சு. முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு பக்கமும் கூரா இருந்தா பழைய லைஃப்போட்டாங்கிற சந்தேகம் வரணும், ஆனா அதை வச்சு மட்டும் முடிவு கட்டாதீங்க, கனூ ஸ்டெர்ன்னு சொல்ற கூர்மையான பின்பக்கம் வச்ச யாட்டுகளும் எக்கச்சக்கம்.

அப்புறம் ஆணி. செம்பு ஆணியை அடிச்சு உள்பக்கம் சின்ன வட்டத் தகடு போட்டு முனையை மழுக்கி இருக்கும், அது யாட் வேலை. இரும்பு ஆணின்னா செலவைக் குறைச்ச வேலை, இல்ல மீன்பிடிப் படகு மரபு. ஸ்க்ரூவோட தலையைப் பாருங்க, பழைய வேலைன்னா ஒத்தை வெட்டுதான், பிளஸ் வெட்டு ஸ்க்ரூ 1930கள் நடுவுலதான் அமெரிக்காவுல புழக்கத்துக்கு வந்துச்சு, அதனால கேபின்ல முழுக்க பிளஸ் தலைன்னா அந்தக் கேபின் பின்னாடி வந்தது. பிளைவுட்டும் அதே மாதிரி, தண்ணி தாங்குற மரைன் பிளை பரவலானது ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம். ஓக் வங்கு மேல லார்ச் அல்லது பிட்ச் பைன் பலகை, டெக் தேக்குன்னா போருக்கு முந்தின பிரிட்டிஷ் வழக்கம், இரோக்கோ மரம் நிறைய இருந்தா போருக்குப் பிந்தின காலமான்னு யோசிக்கலாம். வங்குன்னா படகோட விலா எலும்பு, அடியில நீளமா ஓடுற முதுகெலும்புக் கட்டையான கீலுக்கு நம்ம கடக்கரையில ஏரான்னு சொல்வாங்க, முன்பக்கத்துக்கு அணியம், இந்தப் பேரெல்லாம் நம்மகிட்ட இருக்கும்போது அதையே சொல்லிட்டுப் போறேன்.

உருவத்துலயும் காலம் தெரியும். அணியம் செங்குத்தா நிமிர்ந்து, உடம்பு ஒடிசலா நீளமா இருந்தா 1910, 1920கள் வாடை அடிக்கும். காரணம் எஞ்சின்தான், அன்னைக்கு எஞ்சின் கனமாவும் பலம் குறைவாவும் இருந்துச்சு, அந்தக் கொஞ்ச பலத்துல ஓடணும்னா தண்ணியைச் சுலபமாக் கிழிக்கிற ஒல்லி உடம்பு வேணும். 1930கள்ல எஞ்சின் பலமானதும் உடம்பு அகலமாச்சு, அணியம் முன்னாடி சாஞ்சுது, கேபின் உயரமாச்சு, குடும்பத்தோட தங்குற மாதிரி ஆச்சு. இது பொதுவான போக்குதான், விதி இல்ல. பழமையான ஆளுங்களும் இருந்தாங்க, 1938லயும் நிமிர்ந்த அணியம் கேட்டு வாங்கினவங்க உண்டு. மேல இருக்கிற வீல்ஹவுஸை வச்சு டிசைனரைச் சொல்றவங்களை மட்டும் நம்பவே நம்பாதீங்க, மாத்துறதுக்கு ரொம்பச் சுலபமான பாகம் அது.

நாலாவது: அளவு எடுக்கிறது

விளம்பரத்துல போட்ட அளவை எடுத்துக்காதீங்க, நீங்களே டேப் புடிங்க. முழு நீளம், தண்ணி மட்டத்துல நீளம், அதிகபட்ச அகலம், ஆழம், அப்புறம் முன்கட்டையிலேர்ந்து சுக்கான் தாங்குற பின்கட்டை வரைக்கும் டெக் மேல நீளம். இந்தக் கடைசி அளவு எதுக்குன்னா தேம்ஸ் டன்னேஜுக்கு. 1855ல ராயல் தேம்ஸ் யாட் கிளப் கொண்டுவந்த கணக்கு அது, எடையில்ல, படகோட பருமனைச் சொல்ற ஒரு எண்ணு. நீளத்துல அகலத்தைக் கழிச்சு, அதை அகலத்தால பெருக்கி, பாதி அகலத்தால பெருக்கி, 94ஆல வகுக்கணும். உதாரணத்துக்கு நீளம் 48 அடி, அகலம் 11 அடின்னா 37 பெருக்கல் 11 பெருக்கல் 5.5, அது 2238.5, 94ஆல வகுத்தா 23.8, ரிஜிஸ்டர்ல 24 டன்னுன்னு நிக்கும். ஒரே பேர்ல அஞ்சு படகு இருக்கிற பக்கத்துல உங்களது எதுன்னு கண்டுபிடிக்க இந்த எண்ணு கை கொடுக்கும்.

இங்க எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு. பிரிட்டிஷ் ரிஜிஸ்டர்ல அளவு அடியிலயும் அடியில பத்துல ஒரு பங்குலயும் இருக்கும், அங்குலத்துல இல்ல. 46.3ன்னு போட்டிருந்தா 46 அடி 3 அங்குலம் இல்ல, 46 அடி மூணரை அங்குலத்துக்குச் சித்த மேல. ரிஜிஸ்டர் நீளமும் முழு நீளமும் ஒண்ணு இல்ல, அதனால ரெண்டு அடி மூணு அடி வித்தியாசம் வந்தா "இது நம்ம படகு இல்ல"ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, நாங்க அப்படி ஒரு தடவை சரியான பதிவைத் தாண்டிப் போயி ஒரு மாசத்தைத் தொலைச்சோம்.

அஞ்சாவது: காகிதம்

அஃபிஷியல் நம்பர் கையில இருந்தா க்ரூ லிஸ்ட் இண்டெக்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு இலவசத் தளம் இருக்கு, அங்க நம்பரைப் போட்டா அது எந்தப் பேருக்குக் கொடுத்தது, எந்தத் துறைமுகத்துல பதிஞ்சதுன்னு வந்துடும், பிரிட்டிஷ் கப்பல் பட்டியலான மெர்கன்டைல் நேவி லிஸ்ட்டோட பழைய பக்கங்களும் அங்கயே படமா இருக்கு. அதுல பதிஞ்ச வருஷமும் துறைமுகமும் கிடைச்சதும் லண்டன்ல கியூ பகுதியில இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ் பக்கம் போகணும். மூடின கப்பல் பதிவுகளோட நகல் அங்க பிடி 110ங்கிற வரிசையில இருக்கு. யாரு கட்டினது, எந்த ஊர்ல, எந்த வருஷம், அளவு, ஓனர் யாரு யாரு, கப்பல் உரிமையைப் பிரிக்கிற 64 பங்குல யாருகிட்ட எத்தனை, எல்லாமே அதுல இருக்கும். ஆனா நீங்க தேடிப்போன டிசைனர் பேரு அதுல இருக்காது. அரசாங்கத்துக்கு ஓனரும் பில்டரும் போதும், வரைஞ்சவர் யாருன்னு அவங்க கேக்கல.

அதைக் கேட்டது லாயிட்ஸ், கப்பல்களைத் தரம் பார்த்துப் பட்டியல் போடுற லண்டன் அமைப்பு. லாயிட்ஸ் ரிஜிஸ்டர் ஆஃப் யாட்ஸ் 1878ல ஆரம்பிச்சு 1980 வரைக்கும் வந்துச்சு, போர்க்காலத்துல மட்டும் சில வருஷம் நின்னுச்சு. ஒரு வரியில படகோட பேரு, பழைய பேரு, நம்பர், டன்னேஜ், அளவு, பில்டர், டிசைனர், கட்டின வருஷம், எஞ்சின், ஓனர் எல்லாத்தையும் நெருக்கி அடைச்சிருப்பாங்க, மொத தடவை பாக்கும்போது கண்ணைக் கட்டும், சுருக்கெழுத்து விளக்கம் புத்தகத்தோட முன்னாடியே இருக்கும், அதை ஒரு தாள்ல எழுதிப் பக்கத்துல வச்சுக்கோங்க. ஃபால்மவுத்ல இருக்கிற கார்ன்வால் கடல்சார் மியூசியத்தோட பார்ட்லெட் நூலகம் மாதிரி இடங்கள்ல வால்யூம்களைப் பாக்கலாம்.

ஒரு வருஷத்து வால்யூமை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. கட்டின வருஷத்துக்கு அடுத்த வால்யூம்லேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நகர்ந்து வாங்க. ஏன்னா இந்த விவரத்தையெல்லாம் அனுப்பினதே ஓனர்தான், புது ஓனர் தப்பா எழுதி அனுப்பினா அதுவும் அச்சுல ஏறும். மொத ஓனர் காலத்துப் பதிவுல இருக்கிற டிசைனர் பேருக்கு மதிப்பு அதிகம், 20 வருஷம் கழிச்சு திடீர்னு ஒரு பெரிய டிசைனர் பேரு முளைச்சா அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கணும். பேரு மாறின படகுன்னா பழைய பேருங்களுக்குத் தனி அட்டவணை இருக்கும், அதைப் புடிச்சு ஒவ்வொரு பேரா பின்னாடி போகலாம். எங்க படகுக்கு மூணு பேரு இருந்துச்சு, இப்போ பின்னாடி எழுதியிருக்கிற பேரு 1960கள்ல வச்சது.

அமெரிக்கப் படகுன்னா வழி கொஞ்சம் மாறும். அங்கயும் அரசாங்கத்துல பதிஞ்ச படகோட பீம்ல நம்பர் இருக்கும், வருஷா வருஷம் வந்த மெர்ச்சன்ட் வெசல்ஸ் ஆஃப் தி யுனைட்டட் ஸ்டேட்ஸ் பட்டியலும், அமெரிக்க யாட்டுகளுக்குன்னே தனியா வந்த லாயிட்ஸ் ரிஜிஸ்டரும் இருக்கு. வரைபடத்துக்கு கனெக்டிகட்ல மிஸ்டிக் சீபோர்ட் மியூசியம். கிறிஸ்-கிராஃப்ட் கம்பெனி கட்டின படகுன்னா வேலை சுலபம், கம்பெனியோட ஆவணங்கள் வர்ஜீனியாவுல நியூபோர்ட் நியூஸ் மரினர்ஸ் மியூசியத்துல இருக்கு, ஹல் நம்பரை, அதாவது கம்பெனி அந்தப் படகுக்குப் போட்ட நம்பரைக் கொடுத்தா அந்தப் படகோட ஹல் கார்டையே தேடி எடுக்கலாம். சியாட்டில் பக்கத்துப் படகுன்னா ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கத்து டிசைனர் டெட் கியரி ஆஃபீஸ்ல வரைஞ்சு பழகினவருதான் எட் மாங்க், பின்னாடி தனியா தொழில் பண்ணி அவரும் பெரிய பேரு வாங்கினாரு. குருகிட்ட கத்துக்கிட்ட கை சிஷ்யனோட கோட்டுல தெரியத்தான் செய்யும், அதனால "பார்த்தாலே கியரி மாதிரி இருக்கு"ங்கிறது சாட்சி ஆகாது, தேடுறதுக்கு ஒரு துப்பு, அவ்வளவுதான்.

ஆறாவது: பத்திரிகை, போட்டோ, வரைபடம்

புதுசா ஒரு நல்ல மோட்டார் யாட் தண்ணியில இறங்கினா அந்தக் காலத்துப் பத்திரிகைங்க எழுதாம விடாது. யாட்டிங் வேர்ல்ட் 1894லேர்ந்து வருது, மோட்டார் போட் 1904லேர்ந்து, யாட்டிங் மந்த்லி 1906லேர்ந்து. கட்டின வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்துலேர்ந்து அடுத்த கோடை வரைக்கும் இதழ் இதழா புரட்டுங்க, ஏன்னா ஆர்டர் கொடுத்ததும் வரைபடத்தை அச்சடிக்கிறது உண்டு, படகு வசந்த காலத்துல இறங்கினதும் போட்டோவோட இன்னொரு கட்டுரை வரும். அட்டவணையில படகோட பேரு இல்லாம "புதிய 50 அடி க்ரூஸர்"னு மட்டும் இருக்கலாம், அதனால பேரை மட்டும் தேடாதீங்க. விளம்பரப் பக்கத்தையும் விடாதீங்க, யார்டு, எஞ்சின் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி எல்லாம் அந்த வருஷத்துப் படகுங்க படத்தைப் போட்டுத்தான் விளம்பரம் பண்ணும். தென் இங்கிலாந்துல சொலன்ட் ஜலசந்தி பக்கம் ஓடின படகுன்னா கௌஸ்ல இருக்கிற பெக்கன் போட்டோ குடும்பத்தோட பழைய கண்ணாடி நெகட்டிவ்கள்ல இருக்க வாய்ப்பு உண்டு, அவங்க 1888லேர்ந்து படகுகளைப் படம் எடுத்தவங்க.

டிசைனர் பேரு கிடைச்சாச்சுன்னா அவரோட வரைபடங்க எங்க போச்சுன்னு தேடணும். சில ஆஃபீஸ் இன்னும் உயிரோட இருக்கு, 1873ல கிளாஸ்கோவுல ஆரம்பிச்ச ஜி. எல். வாட்சன் நிறுவனம் தன் பழைய வரைபடங்களை இன்னும் வச்சிருக்கு. சிலரோடது கிரீனிச் நேஷனல் மாரிடைம் மியூசியத்துக்குப் போயிருக்கு. எழுதிக் கேக்கும்போது "என் படகைப் பத்திச் சொல்லுங்க"ன்னு எழுதாதீங்க, அந்த ஆளுங்களுக்கு வேலை தலைக்கு மேல இருக்கும். முதல் பேரு, நம்பர், பில்டர், வருஷம், மூணு அளவு, ரெண்டு போட்டோ, ஒரே பக்கத்துல, கேள்வி ஒண்ணே ஒண்ணு. அப்படி எழுதினதுக்குத்தான் எங்களுக்குப் பதிலே வந்துச்சு.

ஏழாவது: வரைபடத்தையும் படகையும் சேர்த்து வச்சுப் பாக்கிறது

இதைச் செய்யாம யாரும் டிசைனர் பேரை அறிவிக்கக் கூடாதுங்கிறது என் உறுதியான எண்ணம். படகு கரையில ஏறி நிக்கும்போது பண்ணணும். ஏராவுக்கு இணையா தரையில ஒரு கயிறு இழுத்துக் கட்டி, அணியத்துலேர்ந்து நாலு நாலு அடிக்கு ஒரு குறி போடுங்க. ஒவ்வொரு குறியிலயும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அந்த நூல்லேர்ந்து படகோட உடம்பு எவ்வளவு உள்ள தள்ளி இருக்குன்னு ஒரு அடி உயரத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்க. மட்டம் பாக்க கொத்தனார் வச்சிருக்கிற தண்ணி டியூப் போதும், லேசர் இருந்தா வேலை சீக்கிரம் முடியும். ஒரு பக்கம் மட்டும் அளக்காதீங்க, ரெண்டு பக்கமும் அளங்க, 90 வருஷப் படகு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அணியமும் பின்பக்கமும் வயசுல தொங்கிப்போய் நடு ஏரா மேல வளைஞ்சிருக்கும், அதனால டெக் ஓரக் கோடு வரைபடத்துல இருக்கிறதை விடத் தட்டையாத் தெரியும், அதைப் பார்த்து வேற டிசைன்னு நினைச்சிடாதீங்க.

பத்திரிகையில வந்த வரைபடம் ஸ்கேன் பண்ணும்போது இழுபட்டிருக்கும், அதனால அதுல அங்குலக் கணக்குப் பாக்காதீங்க, விகிதம் பாருங்க. அதிக அகலம் நீளத்துல எத்தனாவது பங்குல வருது, அடிவயிறு எங்க தட்டையாக ஆரம்பிக்குது, பின்கட்டை எத்தனை சாய்வு. அதோட குறுக்குத் தடுப்புச் சுவர் எங்க எங்க நிக்குதுன்னு ஒப்பிடுங்க. கேபினை மாத்துவாங்க, ஜன்னலை மாத்துவாங்க, தடுப்புச் சுவரை அவ்வளவு லேசுல நகத்த மாட்டாங்க, அது படகோட எலும்பு.

போர்க்கால வருஷங்களைத் தனியாப் பாருங்க. 1940 மே 14ஆம் தேதி பி.பி.சி. ரேடியோவுல அட்மிரால்டி உத்தரவு வந்துச்சு, 30லேர்ந்து 100 அடி வரைக்கும் எஞ்சின் வச்ச உல்லாசப் படகு வச்சிருக்கிற எல்லாரும் 14 நாளுக்குள்ள விவரம் அனுப்பணும்னு. அதனால அந்த அளவுல இருக்கிற படகு கடற்படை வேலைக்குப் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, போன இடத்துல கேபினை அறுத்து, டெக் மேல துப்பாக்கி மேடை வச்சு, திரும்பி வரும்போது ஆளே மாறி வந்திருக்கும். டெக் பீம்ல காரணமில்லாம கூடுதல் தாங்குகட்டையோ அடைச்ச பெரிய போல்ட் ஓட்டையோ இருந்தா அதை யோசிங்க. டன்கர்க் போச்சுன்னு சொன்னா விலை ஏறும், அதனால அந்தப் பேச்சைச் சாட்சி இல்லாம ஏத்துக்காதீங்க. பி.பி.சி. வர்ணனையாளர் ரேமண்ட் பாக்ஸ்டர் 'லோராஜ்'னு ஒரு மோட்டார் யாட்டை வாங்கினாரு, அது டன்கர்க் போன படகுன்னு அவருக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுலேர்ந்துதான் 1965ல அந்தப் படகுங்க எல்லாம் சேர்ந்து திரும்ப டன்கர்க் போச்சு, சங்கமும் உருவாச்சு. டன்கர்க் லிட்டில் ஷிப்ஸ் சங்கம் இன்னைக்கும் ஆதாரம் பார்த்துத்தான் சேர்க்கிறாங்க, அவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

கடைசியா, எழுதி வைக்கிறது

கிடைச்ச ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்துல அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதுங்க, படகு உடம்புல கண்டதா, அந்தக் காலத்துக் காகிதமா, பின்னாடி யாரோ சொன்னதா. மரமும் காகிதமும் ஒண்ணை ஒண்ணு பாக்காம ஒரே பதிலைச் சொன்னா 'டிசைன்: இன்னார்'னு எழுதலாம். காகிதம் மட்டும் சொன்னா 'இன்ன வருஷ லாயிட்ஸ் பதிவின்படி'ன்னு எழுதுங்க. சாயலை மட்டும் வச்சுன்னா பேரே போடாதீங்க, அடுத்த ஓனர் அந்தச் 'சாயல்'ங்கிற வார்த்தையை விட்டுட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. படகு 33 அடிக்கு மேல, 50 வயசு தாண்டினதுன்னா நேஷனல் ஹிஸ்டாரிக் ஷிப்ஸ் அமைப்போட பதிவேட்டுக்கு விண்ணப்பிச்சு உங்க கோப்போட நகலை அவங்ககிட்டயும் கொடுத்து வைங்க, சின்னப் படகுன்னா கார்ன்வால் மியூசியம் வச்சிருக்கிற சிறுபடகுப் பதிவேடு இருக்கு. படகுக்குள்ள மட்டும் கோப்பை வச்சா ஈரத்துல போயிடும்.

எங்க படகு விஷயம் எப்படி முடிஞ்சுதுன்னா, பீம் நம்பர் முதல் பேரைக் கொடுத்துச்சு, முதல் பேரு லாயிட்ஸ்ல ஒரு தென் இங்கிலாந்து யார்டையும் அதே பக்கத்து ஊர் டிசைனர் ஒருத்தரையும் காட்டிச்சு, அந்த வருஷ வசந்த கால இதழ் ஒண்ணுல சின்னதா ஒரு வரைபடம் கிடைச்சுது, நாங்க எடுத்த அளவை மேல வச்சுப் பார்த்தா நாலு தடுப்புச் சுவரும் அச்சா உக்காந்துச்சு. யார்டோட பழைய பட்டியல்ல இருந்த நம்பரும் அந்த டிராயர் பின்பலகையில இருந்த மூணு இலக்கமும் ஒண்ணுதான். ஸ்காட்லாந்துங்கிற பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னு என் நண்பர் ரொம்ப நாள் யோசிச்சிட்டே இருந்தாரு. ஒரு நாள் எண்ணெய் மாத்தக் குனிஞ்சவரு அப்படியே நின்னுட்டு என்னைக் கூப்பிட்டாரு. 1950கள்ல மாத்திப் போட்ட அந்த கெல்வின் எஞ்சின் தகட்டுல பெருசா கிளாஸ்கோன்னு இருக்கு, எவரோ ஒரு ஓனர் அதைப் படிச்சிருக்காரு.